மும்முனை வரும்வரை

மும்முனை மின்சாரம் பதினொன்றுக்கு என்றார்கள்.
எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்
மோட்டார் கொட்டகைக்கு வெளியே, யூரியா சாக்கின் மேல்.
பருத்தி காய் பிடிக்கிற நேரம்.
ஒரு தண்ணீர் தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும்.
வெட்டாற்றில் மணல் மட்டும்.

உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது சுவாதி,
பழுத்த எலுமிச்சை நிறம்.
அதற்குத் தெற்கே சித்திரை, வெள்ளையாக, தனியாக.
வடக்கே ஏழு முனிவரும் கரண்டியைக் கவிழ்த்துவிட்டார்கள்,
இனிப் பரிமாற ஒன்றுமில்லை என்பதுபோல.

பால்வெளியை ஆறு என்று நான் சொல்லமாட்டேன்.
ஆறு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்.

தெற்கே தென்னைகளுக்கு மேலே நாலு புள்ளி.
ரெகுலேட்டர் லஸ்கர் சவரிமுத்து
டார்ச்சை ஆட்டியபடி வந்தார்.
"சிலுவை தெரியுது, பாத்தீங்களா?"
எங்களுக்கு அது திரிசங்கு என்றேன்.
"அது யாரு?"
மேலே சேர்த்துக்கொள்ளவில்லை, கீழே விழவும் விடவில்லை,
நடுவில் தலைகீழாகத் தொங்குகிறான்.
"மேட்டூர்த் தண்ணி மாதிரி" என்றுவிட்டுப் போனார்.

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு சிவப்பு.
செல்போன் டவர் விளக்கென்றே நினைத்திருந்தேன் இத்தனை வருஷம்.
பௌர்ணமிக்கு மறுநாள் நிலா அதை ஒட்டி நின்றது.
வீட்டுக்குப் போய் நாள்காட்டியைப் பார்த்தேன்: கேட்டை.
இன்று எட்டு மணிக்கு டவரோடு இருந்தது,
பத்துக்கு டவரை விட்டுவிட்டு
வெகுதூரம் ஏறிவிட்டது.

ஆக, நீதானா.

கேட்டை மூட்டை செவ்வாய்க்கிழமை என்று
முதல் வரியிலேயே என் ஜாதகத்தை மடித்தார்கள்,
மன்னார்குடியில் ஒரு வீடு, நன்னிலத்தில் இரண்டு.
நாலாவது வீட்டார் டிபன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு
"மூத்தவனுக்கு ஆகாதாமே" என்றார்கள்.
அந்த மூத்தவன் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறானாம்.
ஒருவரும் வாசலுக்கு வந்து
உன்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.
நானும்தான்.

நாற்பத்தோரு வயதில் பார்க்கிறேன்:
இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொண்டு நடுவில் நீ,
ஊதிவிட்ட கங்குபோல.
கெடுதி செய்கிற முகமாகத் தெரியவில்லை.
வால்தான் நீளம்.
அதன் நுனியில் மூலம். அவளுக்கு வேறு பழமொழி.

பதினொன்று பத்துக்கு ஸ்டார்ட்டர் உறுமியது.
குழாய் இருமி, காற்றைத் துப்பி,
பிறகுதான் தண்ணீர்.
கொட்டகை பல்பு எரிந்ததும் பாதி வானம் போய்விட்டது.
பல்பை அணைத்தேன்.

மண்வெட்டியோடு இறங்கினேன்.
மூன்றாம் பாத்தியில் நண்டு வரப்பைத் துளைத்திருந்தது,
முதலில் அதை அடைக்கவேண்டும்.