வடகிழக்கு மூலையில் இருந்த பெருக்கல் குறி

வாடை திரும்பிய வாரம்
மண்டபத்தின் வடகரையில் கிடந்த வல்லங்களை
ஒவ்வொன்றாகத் தென்கரைக்கு மாற்றினார்கள்.
அன்றிரவுதான் நானும்
கடையின் இரண்டாவது கணினியில்
உலாவியின் சோதனைப் பதிப்பை இறக்கினேன்.
‘எப்போது வேண்டுமானாலும் உடையலாம்’ என்றது.
அதைப் போய் ஒரு பாம்பன்காரியிடம் சொல்கிறது.

தலைமாட்டில் வரிசை கட்டி நின்ற தாவல்கள்
இடது ஓரமாய் இறங்கியிருந்தன.
முகவரிப் பட்டையைக் காணோம்.
தேடினால் காலடியில் கிடக்கிறது,
யாரோ கழற்றிப்போட்ட செருப்பைப் போல.
பின்னே போகும் அம்பு அறவே இல்லை.
மூடுகிற பெருக்கல் குறி
ஒன்பது வருஷம் வடகிழக்கு மூலையில் இருந்தது.
இப்போதும் அங்கேதான் போய்க் குத்துகிறேன்,
வெறும் வெள்ளையை.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும்.
முன்பு ‘இராமநா...’ என்று
நறுக்கிய தலைகளாய் நிற்கும் பெயர்களை
இப்போது வால்வரை வாசிக்க முடிகிறது.

காலையில் கித்தேரியம்மாள் வந்தாள்,
நலவாரிய அட்டை புதுப்பிக்க.
முதல் கணினியில் ஆதார் கூட்டம்.
இரண்டாவதில் உட்கார்ந்து
பெயர், பிறந்த தேதி, வங்கி எண்
எல்லாம் ஏற்றியாயிற்று.
ஓடிபி மட்டும் வர வேண்டும்.
அது வந்து விழும் கைப்பேசி
அவள் வீட்டுக்காரர் மடியில்,
அவர் குருசடைத் தீவுக்கு அப்பால்.
‘கரையேறட்டும், கூட்டியாறேன்.
தெறந்தே வையி, மூடிப்புடாத’
என்று ஏலத்துக்குப் போய்விட்டாள்.

நான் மூடவில்லை.
அதுவாகவே தூங்கிவிட்டது.
தொடாத தாவலை நாற்பது நிமிஷத்தில்
உள்ளறைக்கு அனுப்புவதுதான் புதுமையாம்.
எந்த ஊரில் உட்கார்ந்து முடிவு செய்தார்களோ,
நாற்பது நிமிஷத்தில் வராதவர்
இனி வரமாட்டார் என்று.

நாலரை மணிக்கு
உப்புப் பூத்த பாலித்தீன் பையில் கைப்பேசியோடு
பாக்கியதாசே நேரில் வந்தார்.
பின்னாலேயே அவள்.
நான் உள்ளறையைத் தேடுகிறேன்,
மூன்று புள்ளிகளுக்குள், அதற்குள் இன்னொரு மூன்றில்.
‘நேத்து வரைக்கும் நல்லாத்தானம்மா இருந்துச்சு?’
கிடைத்துவிட்டது.
எல்லாம் ஏற்றியது ஏற்றியபடி.
கணவர் பெயர்க் கட்டம் மட்டும் காலி.
அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்:
‘கடலுக்குப் போனவன்தானன்னு விட்டுட்டானோ?’
கித்தேரி சிரிக்கவில்லை.
‘அடியே, மொதல்ல அத எழுது.’

கடை சாத்தும் நேரம்
ஒரு பெட்டி குதித்து வந்து கேட்டது,
புதிய வடிவம் எப்படி என்று.
அழுவதிலிருந்து சிரிப்பதுவரை ஐந்து முகங்கள்.
ஒன்றையும் தொடாமல்
கீழே இருந்த கட்டத்தில் எழுதினேன்:
காத்திருப்பவர்களின் பக்கத்தைத் தூங்க வைக்காதீர்கள்.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு பழைய பதிப்புக்கே மாறிவிட்டேன்.
அம்பு இருந்தது.
மூலையில் பெருக்கல் குறி இருந்தது.
முகவரி தட்ட
கை மட்டும் கீழே போனது.