ஐம்பத்தொரு கிலோ

செப்டம்பர் கடைசியில் ஏலத்திலிருந்து வந்து இறங்கினாள்,
உராகாவாவில் எங்கள் மூன்றாம் லாயத்துக்கு.
பெயர் கிடையாது.
தாயின் பெயரும் பிறந்த வருடமும் மட்டும்
கதவுப் பலகையில் சாக்குக்கட்டியால்:
ஹமனாசுவின் இருபத்திரண்டு.

முதல் நாள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டாம் நாள் ஒரு துவாலையை முதுகில் போட்டேன்.
எடுத்தேன். போட்டேன். எடுத்தேன்.
தோல் மட்டும் ஒருமுறை சிலிர்த்தது
ஈ உட்கார்ந்ததுபோல.
ஈ இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

பல் முளைக்காத இடம் ஒன்று உண்டு குதிரை வாயில்,
முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே,
கட்டைவிரல் நுழையும் அகலம்.
நமக்கென்றே யாரோ விட்டுவைத்ததுபோல.
அப்படி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.
இரும்பை உள்ளங்கையில் சூடேற்றி
வெல்லப்பாகு தடவி அங்கேதான் நுழைத்தேன்.
பதினோரு நாள் கடித்தாள், மென்றாள், துப்பப் பார்த்தாள்.
பன்னிரண்டாம் நாள் அதைக் கடிவாளம் என்று
ஒப்புக்கொண்டாள்.

கச்சை கட்டிய அன்று வட்டக்கூடம் முழுக்கத் துள்ளல்.
மிசோகுச்சி கயிற்றை விட்டுக்கொடுத்தபடி எண்ணினார்:
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பதாவதைத் தொடங்கி
நடுவிலேயே மறந்துவிட்டாள்.

பிறகு நான்.
ஐம்பத்தொரு கிலோ, காலைத் தேநீருக்கு முன்னால்.
மிசோகுச்சி முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிட
அவள் முதுகின் குறுக்கே வயிற்றைப் போட்டுத் தொங்கினேன்,
காயப்போட்ட ஈரக் கம்பளி.
தலைகீழாக வைக்கோல், ஒரு குளம்பு, தண்ணீர் வாளி.
என் விலாவுக்குக் கீழே இன்னொரு விலா.
நான் பயந்தால் அவளுக்குக் கேட்கும்.
அவள் பயந்தது எனக்குக் கேட்டது.
இருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தோம்.
இந்த வேலையில் பாதி அதுதான்,
சம்பளச் சீட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

நவம்பரில் நடை. பிறகு தளர்நடை ஓட்டம்.
வெளியே முழங்கால் பனி;
கூரையிட்ட ஓடுகளத்தில் மரத்தூள் வாசனை,
அவள் மூச்சின் ஆவி என் கண்ணாடியில்.
இருநூறு மீட்டருக்கு இருபது நொடி என்றால் இருபது.
பத்தொன்பது என்றால் சகாகுரா
ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டி முகம் சுளிப்பார்.

ஜனவரி ஒன்பது.
தகரக் கூரையிலிருந்து பனி சரிந்தது,
ஒரு லாரி கல்லைக் கொட்டினதுபோல.
அவள் இடது பக்கம் போனாள்.
நான் நேரே போனேன்.
காறை எலும்பு உடைந்த சத்தம்
பென்சில் உடைந்த மாதிரிதான், பெரிதாக இல்லை.

மரத்தூளில் கன்னம் பதியக் கிடந்து பார்த்தேன்:
அங்கவடிகள் விலாவில் அடித்துக்கொள்ள
களத்தை முழுசாகச் சுற்றினாள்.
யாரும் ஓடச் சொல்லாத ஓட்டம்.
பழக்க தோஷம்,
சகாகுராவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது.
கடைசி இருநூறு மீட்டர், பதின்மூன்றரை.
அவர் என்னிடம் ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை அது.
இரண்டாவதாகத்தான், "வலிக்கிறதா?"

ஆறு வாரம் தூளியில் கை.
அவள்மேல் வேறொருத்தி, ஐம்பத்து மூன்று கிலோ.
மார்ச்சில் திரும்பிப் போனபோது
என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
கேரட்டை வாங்கிக்கொண்டாள்.
சட்டைப்பையையும் மோப்பம் பிடித்தாள்,
எல்லோருடையதையும் பிடிப்பதுபோல.

ஏப்ரலில் லாரி ஏறிப் போனாள், தெற்கே.
கதவுப் பலகையை ஈரத்துணியால் துடைத்தது நான்தான்.

ஜூனில் உணவறைத் தொலைக்காட்சியில் அவளுக்குப் பெயர் இருந்தது,
ஒன்பது எழுத்துக்கு மிகாமல் ஏதோ பிரெஞ்சு.
இடப்பக்கம் நாக்கைத் தொங்கவிட்டு நடந்ததால் கண்டுபிடித்தேன்.
ஜாக்கி, சேணத்தோடு ஐம்பத்தைந்து கிலோ.
கடைசி இருநூறு மீட்டரை சூப்பு ஆற ஆற
வாய்க்குள் எண்ணினேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்மூன்றரை,
இன்னும் வரவில்லை.
ஆறாவது.

வெயிலான நாள் அங்கே.
வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.