சுவரைத் தொடாமல்

டைப்பிங் சென்டர் கோழிக்கோட்டுக்காரர்
விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
பிளாஸ்மாவா? ரத்த வங்கியா மோளே?
இல்லை, பிசிக்ஸ்.
அப்படியானால் டி.வி. என்றார்.
பிறந்த ஊர் ஷார்ஜா என்றதும்
ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
மாணவர் விசா, ஓராண்டு என்று அடித்தார்.

ஆகஸ்ட்.
குழாயில் வரும் பச்சைத் தண்ணீரே
நாற்பது டிகிரி.
சில்லர் மூச்சிரைக்கிறது.
ஒரு நாளைக்கு இருபது ஷாட்,
அதற்குமேல் காந்தச் சுருள் தாங்காது.

ஆனால் ஷாட் எங்கே?
ஏப்ரலிலிருந்து வெற்றிடம் இறங்கவில்லை.
பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு.
வாடகை பேசவந்த ஆள்போல
அங்கேயே நிற்கிறது.
எங்கோ காற்று நுழைகிறது.

ஷம்மா ஹீலியம் குழாயால்
ஃபிளாஞ்ச் ஃபிளாஞ்சாக ஊதுகிறாள்.
நான் திரையில் எண் பார்க்கிறேன்.
இல்லை.
இல்லை.
அடுத்தது.
டாக்டர் ஹைதம் வாசலில் நின்று
புருவத்தால் மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

பதினேழாவதில் எண் துள்ளியது.
போல்ட்டுகளைக் கழற்றினோம்.
செம்பு வளையத்தின் குறுக்கே
ஒரு தலைமுடி.
நீளம், கருப்பு, நுனியில் மருதாணிச் சிவப்பு.
ஷம்மா ஷேலா அணிகிறவள்.
ஒன்றும் சொல்லவில்லை.
இடுக்கியால் எடுத்துப் பையிலிட்டு
தேதி எழுதினாள்:
மாதிரி எண் ஒன்று.

நாலு மாதத்தை
ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் வைப்பது?

அன்றிரவு அப்பா அழைத்துப்போக வந்தார்.
அஜ்மானில் குளிர்பதனக் கிடங்கு, ஸ்டோர் கீப்பர்.
மைனஸ் பதினெட்டிலிருந்து வெளியேறி
ஜாக்கெட்டைக் கழற்ற மறந்தே
கார் ஓட்டி வருகிற மனிதர்.
முப்பது ஆண்டு. விசாவில் பதினோரு முறை முத்திரை.
முதல்தடவையாக உள்ளே கூப்பிட்டேன்.

ஜன்னல் ஒரு சாண்கூட இல்லை,
கனத்த கண்ணாடி.
உள்ளே இரண்டு லட்சம் டிகிரி வரும் என்றேன்.
இரும்பு உருகாதா?
தொடவிடமாட்டோம் அப்பா.
காந்தம் நடுவில் பிடித்துவைக்கும்.
சுவரில் பட்டால் அது குளிர்ந்துபோகும்,
சுவரின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும்.

யோசித்தார்.
ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார்.

எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டு மில்லி செகண்ட்.

ரின்யூ பண்ண முடியாதா?

ஷம்மாவுக்குத் தமிழ் தெரியாது.
நான் சிரித்ததால் சிரித்தாள்.
என் தொண்டையில் வேறு ஏதோ இருந்தது,
பட்டனில் கை வைத்தேன்.
ஷாட் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

மின்தேக்கிகள் ஒரே அடியாக இறங்கின.
இளஞ்சிவப்பா ஊதாவா,
பெயர் சொல்லுமுன் போயிற்று.
திரையில் கோடு எழுந்து, கொஞ்சம் தயங்கி,
விழுந்தது.
இரண்டு புள்ளி மூன்று.
ஷம்மா என் தோளில் குத்தினாள்.

அப்பா இன்னும் இருட்டுக் கண்ணாடியையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
கண் சிமிட்டிட்டேன்மா என்றார்
பிழை செய்தவர்போல.
இன்னொரு தடவை?

சுருள் ஆற நாற்பது நிமிடம் ஆகும்.

சரி என்று
ஸ்டூலை இழுத்துப்போட்டு
சுவரில் சாயாமல் உட்கார்ந்தார்.