கேட்டு மூடியிருக்கு

முதல்ல வந்தப்போ ரூபிணிக்கு ரெண்டரை வயசு.
"தீப்"னா.
"பெட்டி" வரவேயில்ல.
வாய் மட்டும் எதையோ மென்னுகினே இருந்துச்சு,
கண்ணு சுவத்துப் பல்லியத் தாண்டி எங்கியோ.
எதிர்வீட்டு ஆளு என் ஆட்டோ சாவியப் புடுங்கி
அவ கையில வெச்சு அழுத்தினாரு.
சாவிப் பல்லு ரெண்டு நாளு உள்ளங்கையில கெடந்துச்சு.

அப்பால வார்த்தைங்க வீடு மாத்திக்கினே இருந்துச்சுங்க.
குடைக்கு மழக்குச்சி.
சீப்புக்கு தலையோடது.
அவங்கம்மா தெலுங்குல எடுத்துக் குடுப்பா, நான் தமிழ்ல.
நடுவுல இவ நிப்பா,
கண்டக்டர் முன்னாடி சில்லறை தேடுற மாதிரி.

ஒம்போது வயசுல ஸ்கேன்.
சாவி, பெல்ட்டு, அவ கொலுசு, எல்லாம் ஒரு தட்டுல.
"படம் வரும் பாப்பா. பேர மனசுக்குள்ள மட்டும் சொல்லு."
அவளுக்கு இன்னா காட்டினாங்களோ,
கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுகினு
நானும் வாயத் தொறக்காம சொன்னேன்:
வாளி. ஆமை. ஏணி.

பேச்சு பொதுவா இடப்பக்கம்தானாம்.
இவளுக்கு அங்க இருட்டு, வலப்பக்கம் ஆரஞ்சா எரியுது.
"சின்ன வயசுலயே வலிப்பு வந்ததால
மூளை வேற எடம் பாத்துக்கிச்சு"ன்னாங்க டாக்டரம்மா.
"இங்கியா?"ன்னு தப்பான பக்கத்தக் காட்டினேன்.
ஸ்க்ரீன்ல இடம் வலமாத் தெரியுமாம்.
சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.
போய் மூஞ்சி கழுவிகினு வந்தேன்.

வேற எடம்.
ஆத்தோரம் இருந்த எங்கக்காவுக்கும்
வேற எடம் குடுத்தாங்க, ஊருக்கு வெளிய, எட்டாவது மாடி.
பாத்திரத்துல பாதி போய்ச் சேரல.
டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்:
வலப்பக்கத்துல ஏற்கனவே குடியிருந்தது எங்க போச்சு?
ரூபிணி வரையிற வீட்டுக்கெல்லாம்
வாசல் கூரையில இருக்கும்.
கேக்கல.

திரும்பி வரச்சொல்ல கொருக்குப்பேட்டை கேட்டு மூடியிருந்துச்சு.
எண்ணெ டேங்கர்.
சந்துல பூந்தா சுத்திகினு போயிடலாம்,
எனக்கு வழி தெரியும். போகல.
பின்சீட்டுல எண்ணிகினு வந்தா.
"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்ப"
நின்னுச்சு.
கண்ணாடியில அவ உதட்டப் பாத்தேன்.
பின்னாடி ஒருத்தன் ஹாரன்லயே படுத்துகினான்.
எடுத்துக் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க.
ஹேண்டில கெட்டியாப் புடிச்சிகினேன்.

"அது பேரு இன்னாப்பா,
கடைசியா ஒண்ணு வருமே, கொடியோட ஒருத்தர் நிப்பாரே...
ரயிலோட முதுகு."