ஓ பேர்

"அந்த வேலைக்குப் பேர் என்ன?"
"ஓ பேர்."
"பேரைத்தாம்மா கேக்குறேன்."
ஸ்டியரிங்கில் இருந்து கை எடுக்காமல் அப்பா கேட்டார்,
ஏழாவது கொண்டை ஊசியில்.
எதிரே காப்பி மூட்டை லாரி
பின்வாங்கி வழிவிடும்வரை
ஏற்காடு பஸ் முழுக்க
என் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

எம்.எஸ்சி. விலங்கியல்.
கோடையில் நத்தைகள்
ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்குவது பற்றி
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.
கருப்பூரில் என்னோடு படித்து முடித்த பதினாறு பேரில்
ஆறு பேர் பி.எட்.,
நாலு பேர் வங்கித் தேர்வு,
மூன்று பேருக்குத் தையில் கல்யாணம்.
மிச்சத்தில் நான் ஒருத்தி.

ஓல்டன்பர்க் என்கிற ஊரில்
ஒரு வீடு, எனக்கென்று ஓர் அறை,
ஓலே என்று நாலு வயதுப் பையன்.
பல் தேய்த்துவிடணும். கோட்டுக்கு ஜிப் போட்டுவிடணும்.
கைச்செலவுக்குத் தருவார்கள்,
சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள்.
"அப்ப ஆயா வேலை."
"ஆயா இல்லப்பா. வீட்டுப் பொண்ணு மாதிரி."
"வீட்டுப் பொண்ணாத்தான்
வீட்டுலயே இருக்கியே."
கியர் மாற்றினார்.
எட்டாவது வளைவு.

அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள்.
குறைந்தது இருநூறு மணி நேரம்
குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கு
யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.
அக்காவை விட்டால் யார்?

பூங்கோதை அக்கா மலைமேல்
விடுதிப் பள்ளியில் கணக்கு எழுதுகிறாள்.
யார் யாரோ பெற்று அனுப்பிய பிள்ளைகளின்
பால் செலவு, சலவைச் செலவு.
அவள் பெற்றவன் அஸ்தம்பட்டியில்
மூன்று மணிக்கு என் கைக்கு வருவான்.
இருபது வளைவும் இறங்கி ஏழரைக்கு அவள் வருகையில்
பாதி உறங்கியிருப்பான்.
அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை,
நானும்.

படிவத்தை வாங்கியவள்
டீயை ஆறவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.
ஞாயிறுகளைக் கழித்தாள்.
என் தேர்வு நாட்களைக் கழித்தாள்.
சஷ்வினுக்கு அம்மை போட்டிருந்தபோது
தான் லீவு எடுத்த பதினோரு நாளையும் கழித்தாள்.
இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
"இருநூறு போதுமாக்கும்?"
வெளியே மூடுபனி
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.
முழு எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.
பிறகு பேனாவை மூடிக்கொண்டே,
அடுத்த தெரு வசந்தாமணியிடம்
போன மாசமே கேட்டு வைத்ததாகச் சொன்னாள்.
"நாலாயிரத்து ஐநூறு கேக்குறா."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
நான் பனியைப் பார்த்தேன்.

இறங்கும்போது அப்பா பேசவில்லை.
பதினான்காவது வளைவில்,
"அங்க குளிருமா?"
"மைனஸ்ல போகும்."
மறுநாள் டிரிப் முடிந்து வந்தவர் கையில்
ஏரிக்கரைக் கடையில் வாங்கிய
கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர்.
இரண்டு சைஸ் பெரியது.
நான் எப்போது முடிவெடுத்தேன் என்று கேட்டால்
சொல்லத் தெரியாது;
அதன் விலைச் சீட்டைக் கத்தரித்தது நினைவிருக்கிறது.

வீடியோவில் ஓலே மஞ்சள் ஜேசிபியைக் காட்டினான்.
சஷ்வின் தன் பிளாஸ்டிக் பஸ்ஸைக் காட்டினான்.
உர்ர்ர் என்றான் இவன்.
உர்ர்ர் என்றான் அவனும்.
திரை அணைந்ததும் இவன் கேட்டான்:
"அவனுக்கும் நீ சித்தியா?"
இல்லை என்றேன்.
"அப்ப என்ன சொல்லிக் கூப்புடுவான்?"

பேரைத்தான் இவனும் கேட்கிறான்.

ஓலேயின் அம்மா நீளமாக எழுதியிருக்கிறாள்.
ஜன்னல் திறந்திருந்தால்தான் தூங்குவானாம்,
பட்டாணி கண்டால் அழுவானாம்.
படித்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி
வசந்தாமணி அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன்.

தயிர்ச்சோறு நீல ஸ்பூனில் மட்டும்.
மாம்பழத்தை நறுக்காதீங்க, கொட்டையோடு குடுங்க,
சட்டை நனைஞ்சா திட்டாதீங்க.
காய்ச்சல் வருமுன் பாதம் சில்லிடும்.
இடி இடிச்சா காதைப் பொத்திக்கச் சொல்வான்,
உங்க காதை.