ஆறு ஆணி

எல்லாரும் அவன் முகத்தைச் சொல்வார்கள்,
நெற்றியில் இருந்த அரைச் சுழியை.
நான் குனிந்தே பார்த்தவள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்.
இடது முன்குளம்பு மற்ற மூன்றைவிட அரை விரல் அகலம்,
வெளிப்பக்கம் ஓடு மெல்லிசு.
அங்கே ஓர் ஆணி குறைத்துத்தான் அடிப்பேன்.
ஏழுக்குப் பதில் ஆறு.

பெயர் ‘மூன்றாம் அறிவிப்பு’.
ரொட்டிக்கடை வாஷிங்டன் இரியார்த்தே
குட்டியை வாங்கிய அன்று
மின் கட்டணத்துக்கு மூன்றாவது நோட்டீஸ் வந்திருந்ததாம்.
மொந்தெவிதேயோ முழுக்கச் சிரித்தது.
பிறகு அதே வாய்கள்
மைதானத்துக் கம்பி வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு
‘அவிசோ, அவிசோ’ என்று கத்தின.

முதல் ஓட்டத்தில் ஒன்பதாவது.
கடைசித் திருப்பத்தில் லாடம் கழன்று பறந்தது.
கட்டியவள் நான்.
லாயக்காரன் தார்தோ ஒரு வார்த்தை திட்டவில்லை;
மாத்தே குடுவையை மட்டும்
என்னைத் தாண்டி அடுத்தவனிடம் நீட்டினான்.

அதன் பின் பத்து. ஒன்பது அவனுக்கே.
தோற்ற ஒன்றும் மூக்கு நுனியளவு;
அந்தப் புகைப்படத்தை நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜனவரி ஐந்து, மூன்று ராஜாக்கள் வரும் இரவு.
அவர்களுடைய ஒட்டகங்களுக்கென்று
தார்தோவின் மகள் மிலாக்ரோஸ் லாய வாசலில் வைத்த
புல்லையும் வாளித் தண்ணீரையும்
இவன் கழுத்தை நீட்டித் தீர்த்துவிட்டான்.
மறுநாள் பெரிய பந்தயம்.
எண்ணூறு மீட்டர் பாக்கியிருக்கையில்
வில்மார் சாட்டையைக் காலணிக்குள் செருகினான்,
பிறகு எடுக்கவேயில்லை.
ஆறு குதிரை நீளம்.
ஊரே குதித்தது. மிலாக்ரோஸ் மட்டும் அழுதாள்:
ஒட்டகங்கள் பட்டினி.

லாடம் கட்டும்போது என் முதுகில் சாய்ந்து
தூங்கிவிடுவான். தள்ளினாலும் நகர மாட்டான்.
மருத்துவர் என் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
இந்த இடம் என்று தொட்டுக் காட்டினார்.
அதில் இவன் பங்கு எவ்வளவு என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட். ஐந்து வயதாகி நாற்பது நாள்.
துராஸ்னோ பக்கம் மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள்.
மத்தியானம் போய்ப் புது லாடம் கட்டினேன்.
சாயங்காலம் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.
விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
அங்கிருந்து யாரோ கூப்பிடுவதுபோல.
டாக்டர் உம்பியேர்ரெஸ் வரும்போது மணி பதினொன்று.
குடல் முறுக்கிக்கொண்டது என்றாள்.
அறுவைக்குக் கொண்டுபோக ஓடையைக் கடக்க வேண்டும்;
பாலம் தண்ணீருக்கு அடியில்.
படுக்க விடாமல் முறை வைத்து நடத்தினோம்,
மழையில், காற்றாலையைச் சுற்றிச் சுற்றி.
பதினோரு ஓட்டத்திலும் சேர்த்து ஓடாத தூரத்தை
அந்த ஓர் இரவில் நடந்தான்.
விடியும் முன் ஊசி.

குப்புறத் தள்ளிக் குழியும் பறிக்கும்
குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.
இவன் யாரையும் தள்ளியதில்லை.
குழியை நாங்கள்தான் பறித்தோம்,
மாவு பிசையும் கையோடு இரியார்த்தேயும்.
லாடங்களைக் கழற்றினேன்.
ஒரே இரவு தேய்ந்தவை.
மூன்றை இரியார்த்தேயிடம் கொடுத்தேன்.
ஆறு ஆணிக்காரனை அவனுக்கு அடியிலேயே போட்டேன்,
எல்லாரும் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது.

அவனுக்கு நான்கே கால்.
ஞாயிற்றுச் சந்தையில் இதுவரை
அவனுடையதென்று பதினேழு லாடம் விற்றாகிவிட்டது.
நான் கண்ட வரையில் பதினேழு.

போன வாரம் ஒரு கிழவன், பதினெட்டாவது.
‘இடது முன்கால், அம்மா’ என்றான்.
புரட்டிப் பார்த்தேன். எட்டு ஓட்டை.
‘கண்ணால் பார்த்தேன் அவன் ஓடியதை.
வெள்ளை வெளேரென்று இருப்பான்.’
செம்பழுப்பு அவன்.
ஆனால் கடைசித் திருப்பத்தில் உள்பக்கம் வெட்டிக்கொண்டு
மணல் கிளம்பிய விதத்தை
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினானே,
அது சரிதான்.

நானூறு பெசோ கேட்டான்.
முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது.