மூன்று முறை மணி

முகப்பில் பதினேழு முகங்கள்.
வாய் பிளந்து கத்துகிறவள் நான்காம் மாடிக்கு மேலே;
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் சாந்தில் வார்த்தது.
சுற்றுலா வந்தவர்கள் கழுத்து நோக நின்று படமெடுக்கிறார்கள்.
முதுகுப்புறம் யாரும் வருவதில்லை:
வெறும் செங்கல்,
விறகு சுமந்தவர்கள் ஏறிய இருட்டுப் படிகள்.
முகப்புக்குத்தானே முகம்.
ரீகாவில் அந்த வருடங்களில்
தெருத்தெருவாக இப்படித்தான் எழுப்பினார்கள்.

எங்கள் கட்டடம் ஹார்ட்விக் ஏகர்ஸ் என்ற மர வியாபாரியுடையது.
இரண்டாம் மாடியில் ஆறு அறை அவருக்கு.
சமையலறைக்குப் பின்னால், கட்டில் போட்டால் கதவு திறக்காத
இன்னொன்று, வேலைக்காரப் பெண்ணுக்கு.
வரைபடத்தில் அதற்கு எண் இல்லை.

நாங்கள் குடிவந்தபோது அங்கே எட்டுக் குடும்பம், ஒரே மணி.
கதவில் ஓர் அட்டை:
ஒருமுறை அடித்தால் குர்மின்ஷ்,
இரண்டு ஃபீரா லவோவ்னா,
மூன்று நாங்கள்,
நீளமாய் ஒன்று, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸாவ்வா.
தூக்கத்திலும் எண்ணுவோம்.
நான்காவது அடித்துவிட்டால் நிம்மதி, நமக்கில்லை.

விருந்தறையை ஒட்டுப்பலகையால் பிளந்திருந்தார்கள்.
கணப்பு ஃபீரா பக்கம், பெரிய ஜன்னல் எங்கள் பக்கம்.
உட்கூரையில் சாந்துத் திராட்சைக் கொடி, வட்டமாக;
பலகை அதையும் விடவில்லை.
எங்களிடம் பதினோரு குலை.
அந்தப் பக்கம் பத்துதான் இருக்கும் என்றாள் அம்மா.
பன்னிரண்டு என்றாள் ஃபீரா, பலகைக்கு அப்பாலிருந்து.
வந்து எண்ணிப்பார் என்று
இருபத்தைந்து வருடம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

நாற்பத்தொன்றுக்கு முன் இங்கே ஒரு பல்மருத்துவர் இருந்தாராம்.
பெயர் யாருக்கும் தெரியாது, அல்லது
தெரியாது என்பார்கள்.
வலது நிலைக்காலில் விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம்,
இரண்டு ஆணித் துளை.
ஒவ்வொரு முறை வண்ணம் பூசும்போதும் அது கொஞ்சம் தூர்ந்தது.
உருளைக்கிழங்குப் பையோடு திரும்பும் ஃபீரா
பையைக் கை மாற்றிக்கொள்வதுபோல
அதைத் தொட்டுவிட்டு நுழைவாள்.

தொண்ணூற்று நான்கில் ஏகர்ஸின் பேரன் வந்தான்,
லூபெக்கிலிருந்து, பத்திரத்தோடு.
நல்ல பையன். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
ஆறு மாதத் தவணை கொடுத்தான்.

பலகையைப் பெயர்த்த அன்று
நான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்து எண்ணினேன்.
அந்தப் பக்கம் ஒன்பது.
பலகைச் சட்டம் உட்கார இடம் வேண்டி
யாரோ சில குலைகளைச் செதுக்கி எறிந்திருக்கிறார்கள்.
எத்தனை என்று தழும்பில் தெரியவில்லை.
ஃபீரா செத்து ஆறு வருடம்.

புது வீட்டில், ஒன்பதாவது மாடியில்,
எங்களுக்கு மட்டுமேயான மணிக்குக் கீழே உட்கார்ந்து
அம்மா கேட்டாள், எத்தனை.
பன்னிரண்டு என்றேன்.
பொய் சொல்லாதே என்றாள்.